லீப் விநாடிக்கு விடை: பூமிக்கும் அணுவுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கடிகாரம்

கடந்த சில ஆண்டுகளாக ஜூலை, ஆகஸ்ட் வந்தால் ஒரு செய்தி தவறாமல் வருகிறது: பூமி வேகமாகச் சுழல்கிறது, இன்றுதான் மிகக் குறுகிய நாள். அதே வாரத்தில் வேறோர் இடத்தில் இன்னொரு செய்தி: நிலவின் இழுப்பால் பூமியின் வேகம் குறைந்துகொண்டே போகிறது, நாள் நீள்கிறது. மூன்றாவதாக ஒன்று: உலகக் கடிகாரங்களில் அவ்வப்போது கூட்டப்பட்டுவந்த லீப் விநாடி 2035க்குள் வழக்கொழிகிறது, அதற்குள் ஒரு விநாடியைக் கழிக்கவும் நேரலாம்.

மூன்றுமே உண்மை. ஒன்றை ஒன்று மறுப்பதுபோலத் தெரிவதற்குக் காரணம் பூமியில் இல்லை. 'நேரம்' என்ற ஒரே சொல்லின் தலையில் நாம் இரண்டு வேலைகளைக் கட்டிவைத்திருக்கிறோம். அதை முதலில் பிரித்துவிட்டால் மற்றவை தாமாகத் தெளியும்.

## இரண்டு கேள்விகள், ஒரே கடிகாரம்

கடிகாரத்தைப் பார்த்து நாம் கேட்பவை இவை:

1. இப்போது மணி என்ன? சூரியன் வானத்தில் எங்கே இருக்கிறது, விடிந்ததா, உச்சியா, இருட்டியதா என்பதே இதன் அடிப்படை. இதற்கு விடை சொல்வது பூமியின் சுழற்சி.

2. எவ்வளவு நேரம் ஆயிற்று? ஓட்டக்காரர் எத்தனை விநாடியில் கோட்டைத் தொட்டார், சமிக்ஞை எத்தனை நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பது இது. இங்கே சூரியனுக்கு வேலையே இல்லை. ஒரே சீராகத் துடிக்கும் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

முதலாவதை 'வேளை' என்றும் இரண்டாவதைக் 'கால அளவு' என்றும் இந்தக் கட்டுரையில் சொல்வோம். தமிழ் இலக்கணம் கால அளவுக்கு உடம்பையே கருவியாக வைத்தது. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது விரலை நொடிக்கும் நேரம். 'நொடி' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஒருவர் நொடிப்பதைப்போல இன்னொருவர் நொடிப்பதில்லை. எல்லாருக்கும் பொதுவாக, யாரும் கையாடமுடியாத அளவுகோல் வேண்டுமென்றால் வானத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு நாளை 24 மணியாக, ஒரு மணியை 60 நிமிடமாக, ஒரு நிமிடத்தை 60 விநாடியாக வெட்டினார்கள். ஒரு நாளில் 86,400 விநாடி. அதாவது வேளையை நறுக்கியே கால அளவைச் செய்தார்கள். பூமி சீராகச் சுழலும்வரை இதில் ஒரு குறையும் இல்லை.

## விநாடி பூமியை விட்டுப் பிரிந்த கதை

பூமி சீராகச் சுழலவில்லை. முதலில் தெரியவந்த ஒழுங்கின்மை சூரியக் கடிகாரத்தில்தான். பூமியின் பாதை நீள்வட்டம், அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியக் கடிகாரம் நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தியும் காட்டும். இது சுழற்சியின் குற்றமல்ல. ஆண்டு முழுவதற்குமான சராசரி நாளை எடுத்துக்கொண்டு இதைச் சமாளித்தார்கள். அந்தச் சராசரிச் சூரிய நாளில் 86,400இல் ஒரு பங்குதான் விநாடி என்பது 1960 வரை நின்ற இலக்கணம்.

சுழற்சியிலேயே தடுமாற்றம் இருப்பதை 1930களில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் காட்டிக்கொடுத்தன. ஆண்டின் சில மாதங்களில் பூமி ஒரு மயிரிழை விரைகிறது, சில மாதங்களில் தயங்குகிறது. அளவுகோலே நீண்டும் சுருங்கியும் போனால் எதை வைத்து எதை அளப்பது? 1960இல் எடை, அளவுகளுக்கான பொது மாநாடு விநாடியைப் பூமியின் சுழற்சியிலிருந்து கழற்றி, பூமி சூரியனைச் சுற்றும் ஆண்டுக் கணக்கில் மாட்டியது. அந்த ஏற்பாடு ஏழே ஆண்டுகள்தான் நீடித்தது. ஏனென்றால் அதைவிடப் பிரமாதமான கருவி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. 1955இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தை ஓடவைத்திருந்தார்கள்.

சீசியம்-133 அணு இரண்டு நுண்ணிய ஆற்றல் நிலைகளுக்கு இடையே மாறும்போது குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட நுண்ணலையை மட்டுமே ஏற்கும் அல்லது உமிழும். எந்த நாட்டுச் சீசியமாக இருந்தாலும், எந்த நூற்றாண்டுச் சீசியமாக இருந்தாலும் அதிர்வெண் அதேதான். 1967இல் அந்த அலையின் 9,192,631,770 அதிர்வுகள் ஆகும் நேரமே ஒரு விநாடி என்று அறிவித்தார்கள். அன்றோடு வேளையும் கால அளவும் சட்டப்படிப் பிரிந்துவிட்டன.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடம் உண்டு. 9,192,631,770 என்ற எண் எங்கிருந்து வந்தது? புதிய விநாடி பழைய விநாடிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொருத்திய எண் அது. ஆனால் அவர்கள் பொருத்திப் பார்த்த பழைய விநாடி, 18, 19ஆம் நூற்றாண்டு வானியல் பதிவுகளிலிருந்து கணக்கிட்டது. ஆகவே அணு விநாடி உண்மையில் ஏறத்தாழ 1820ஆம் ஆண்டின் பூமிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1967இல் போட்டுப் பார்த்தபோதே அது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

## 'பூமி தாமதமாகிறது' என்பதில் உள்ள பொறி

லீப் விநாடியைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப்பேர் வழுக்கி விழும் இடம் இது. 1972 முதல் 2016 வரை 27 லீப் விநாடிகள் கூட்டப்பட்டன என்றதும், "44 ஆண்டில் நாள் 27 விநாடி நீண்டுவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி நடந்திருந்தால் கடலும் காற்றும் நம்மைச் சும்மா விட்டிருக்காது.

நடந்தது இதுதான். 1970களில் பூமியின் ஒரு நாள், 86,400 அணு விநாடியைவிடச் சுமார் 2 முதல் 3 மில்லி விநாடி கூடுதலாக இருந்தது. ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 2 மில்லி விநாடி என்றால் 500 நாளில் ஒரு விநாடி. நாளின் நீளம் மாறவே வேண்டாம். அதே நீளத்தில் நின்றாலும் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். தினமும் ஒரு ரூபாய் குறைவாகக் கல்லாவில் விழுந்தால், குறைவு கூடவில்லை என்றாலும் ஆண்டுக் கடைசியில் 365 ரூபாய் துண்டு விழும் அல்லவா? அந்தத் துண்டைத்தான் லீப் விநாடி அடைத்தது.

நீண்ட காலப் போக்கில் பூமி மெதுவாகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அதன் அளவு ஒரு நூற்றாண்டுக்கு 1.7 அல்லது 1.8 மில்லி விநாடி மட்டுமே. கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. இதையே கூட்டிப் பாருங்கள்.

கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகக் களிமண் பலகைகளில் பதிவு இருக்கிறது. இன்றைய நாளின் நீளத்தையே வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அந்தக் கிரகணம் பாபிலோனில் விழாது. பூமியின் முகத்தில் ஏறக்குறைய 49 பாகை மேற்கே தள்ளி விழும். நேரத்தில் சொன்னால் மூன்றேகால் மணி வித்தியாசம். பாபிலோனியர் பொய் எழுதவில்லை. அன்றைய நாள் இன்றையதைவிட முப்பது மில்லி விநாடிக்குச் சற்று மேல் குறைவு. அன்றிலிருந்து படிப்படியாகக் குறைந்துவந்த அந்த வித்தியாசத்தின் சராசரியை ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட நாட்களால் பெருக்கினால் அந்த மூன்றேகால் மணி அப்படியே வந்து நிற்கிறது. கண் இமைப்பதில் ஒரு துளியான பிழை, இரண்டாயிரம் ஆண்டில் ஒரு கிரகணத்தையே ஊர் மாற்றிவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால் பவளங்கள் சாட்சி சொல்கின்றன. அவற்றின் ஓட்டில் நாளுக்கு ஒன்றாகப் படியும் நுண்ணிய வளர்ச்சிக் கோடுகளை 1963இல் ஜான் வெல்ஸ் எண்ணிப் பார்த்தார். சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய தொல்லுயிர்ப் பவளங்களில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடுகள். அன்று ஆண்டுக்கு 400 நாள், நாளுக்கு 22 மணி நேரம். 'வரலாற்றிலேயே குறுகிய நாள்' என்ற தலைப்பைப் படித்தால் அந்தப் பவளங்கள் சிரிக்கும். 'அணுக் கடிகாரம் வந்த பிறகு' என்று சேர்த்தால்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

## அப்படியானால் இப்போது ஏன் விரைகிறது?

சுழற்சியை மாற்றும் காரணிகள் பல. ஒவ்வொன்றின் கடிகாரமும் வேறு.

1. நிலவு. நிலவின் இழுப்பால் கடல் ஏறி இறங்கும் ஓதங்களின் உராய்வால் பூமியின் சுழற்சி தேய்கிறது. தேய்ந்த சுழற்சி எங்கும் காணாமல் போவதில்லை, நிலவுக்குப் போகிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களில் லேசரைப் பட்டுத் திரும்பவைத்து அளந்த கணக்கு இது. இந்தக் காரணி ஓயாது, அவசரப்படாது.

2. பனியும் நிலமும். பனியுகத்தில் பனிப்பாளங்களால் அமுங்கிக் கிடந்த துருவப் பகுதி நிலம் இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. பூமி சற்று உருண்டையாகிறது, விரைகிறது. இப்போது துருவப் பனி உருகி அந்த நீர் நடுக்கோட்டுப் பக்கம் பரவுவது இதற்கு நேர்மாறு: சுழன்றாடுபவர் கைகளை விரித்தால் வேகம் குறைவதுபோல, பூமி தயங்குகிறது.

3. பூமியின் உள்ளே உருகிய உலோக மையம். இதுதான் ஆட்டத்தின் புரியாத ஆட்டக்காரர். மையத்தின் சுழற்சி குறைந்தால் மேலோட்டின் சுழற்சி அந்த அளவு கூடும். மொத்தக் கணக்கு மாறக்கூடாது. கடந்த சில பத்தாண்டுகளாக மேலோடு விரைவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதப்படுகிறது.

4. காற்று. வட அரைக்கோளக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றோட்டங்கள் வலுவாக இருக்கும். அவை எடுத்துக்கொள்ளும் சுழற்சி பூமியின் கணக்கில் கழியும். கோடையில் அவை தளரும்போது திருப்பிக் கொடுத்துவிடும். செய்திகள் ஜூலை, ஆகஸ்டில் வருவதன் ரகசியம் இது. நிலவு நடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ மிகத் தள்ளி நிற்கும் நாட்களில் இன்னும் ஒரு சிட்டிகை வேகம் கூடும். அதனால்தான் 'குறுகிய நாள்' தேதிகளை வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது.

பெரிய நிலநடுக்கங்களைப் பற்றியும் சொல்வார்கள். 2011 ஜப்பான் நிலநடுக்கம் நாளை 1.8 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி, விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைத்தது என்பது கணிப்பு. மேலே உள்ளவற்றுக்கு முன் அது தூசு.

2024 ஜூலை 5ஆம் தேதி 86,400 விநாடியைவிட 1.66 மில்லி விநாடி குறைவாக இருந்தது. பூமியின் நடுக்கோட்டில் ஒரு புள்ளி விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அந்தக் கணக்கில், வழக்கமான நாள் முடியும் கணத்தில் பூமி 77 சென்டிமீட்டர் கூடுதலாகத் திரும்பியிருந்தது. ஓர் எட்டு வைக்கும் தூரம். அவ்வளவே.

இதை எப்படி அளக்கிறார்கள் என்றால், பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் குவேசார்கள் என்னும் மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களை, கண்டங்கள் தாண்டி இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பார்க்கின்றன. சமிக்ஞை ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்திலிருந்து பூமி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

## லீப் விநாடி என்னும் ஒட்டுப்போடல்

இன்று உலகில் மூன்று நேரங்கள் இணையாக ஓடுகின்றன.

1. சர்வதேச அணு நேரம். பல நாட்டு ஆய்வகங்களில் உள்ள நானூறுக்கு மேற்பட்ட அணுக் கடிகாரங்களின் சராசரி, நம்பகமானவற்றுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிட்டது. பூமியைப் பற்றி இதற்கு அக்கறை கிடையாது.

2. யூடி1. பூமியின் சுழற்சிக் கோணம் காட்டும் நேரம். பூமி தடுமாறினால் இதுவும் தடுமாறும்.

3. யூடிசி எனப்படும் ஒருங்கிணைந்த உலக நேரம். நம் கைபேசியிலும் விமான நிலையத்திலும் வங்கியிலும் ஓடுவது இதன் வழிவந்த நேரம்தான். துடிப்பை அணுவிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் பூமியிடமிருந்து 0.9 விநாடிக்கு மேல் விலகாது.

அந்த 0.9 என்ற வேலியைக் காப்பதற்குத்தான் லீப் விநாடி. வித்தியாசம் வேலியை நெருங்கினால், சர்வதேச பூமிச் சுழற்சிச் சேவை ஆறு மாதத்துக்கு முன்பே அறிவிக்கும். ஜூன் அல்லது டிசம்பர் கடைசி நாளில் 23:59:59க்குப் பிறகு 23:59:60 என்ற விசித்திரமான நேரம் ஒரு விநாடி வரும், அதன்பின் 00:00:00. 1972 ஜூன் 30இல் தொடங்கி, கடைசியாக 2016 டிசம்பர் 31 வரை 27 முறை இப்படி நடந்தது. 1972இல் தொடங்கும்போதே இருந்த 10 விநாடியோடு சேர்த்து, யூடிசி இன்று அணு நேரத்துக்கு 37 விநாடி பின்னால் இருக்கிறது.

லீப் ஆண்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லீப் ஆண்டு, ஆண்டுக்குள் நாட்கள் முழு எண்ணாக அடங்காததற்கான மருந்து. அதை ஆயிரம் ஆண்டுக்கு முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடலாம். லீப் விநாடிக்கு அட்டவணையே கிடையாது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு ஒன்று வந்தது. பிறகு 1999 முதல் ஏழு ஆண்டுகள் ஒன்றுமே வரவில்லை. 2016க்குப் பிறகும் வரவில்லை. கணினிக்குத் தலைவலி இந்த நிச்சயமின்மையால்தான்.

## கணினிகள் ஏன் கதறின?

பெரும்பாலான கணினிகள் நேரத்தை ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன: 1970 ஜனவரி 1 தொடங்கி இதுவரை எத்தனை விநாடி. இந்த யூனிக்ஸ் நேரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் கண்டிப்பாக 86,400 விநாடிதான். 23:59:60க்கு இடமே இல்லை. ஆகவே லீப் விநாடி வந்தால் ஒரு விநாடியைத் திரும்ப எண்ணுவதுதான் வழி. அதாவது நேரம் ஒரு கணம் பின்னோக்கிப் போகும்.

மனிதருக்கு இது ஒரு பொருட்டல்ல. எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை நேர முத்திரையை வைத்தே தீர்மானிக்கும் இயந்திரத்துக்கு இது காரணத்துக்கு முன் காரியம் நடந்ததுபோல். 2012 ஜூன் 30 லீப் விநாடியின்போது லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் இருந்த ஒரு பிழை விழித்துக்கொண்டது; ரெட்டிட் உட்படப் பல தளங்கள் படுத்தன, ஆஸ்திரேலியாவில் விமான முன்பதிவு அமைப்பு நின்று பயணிகள் வரிசையில் காத்திருந்தார்கள். 2017 புத்தாண்டுக் கணத்தில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஒரு மென்பொருள், ஒரு வேலைக்கு ஆன நேரத்தைக் கழித்துப் பார்த்தபோது எதிர்மறை எண் வந்தது. 'ஆன நேரம்' பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் என்று எழுதியவர் எண்ணியிருக்கவில்லை. மென்பொருள் சரிந்தது.

இதற்குக் கூகுள் கண்ட வழி, அந்த ஒரு விநாடியை 24 மணி நேரத்தில் பூசி மெழுகிவிடுவது. அன்று ஒவ்வொரு விநாடியும் சுமார் 11.6 மைக்ரோ விநாடி நீளும். நள்ளிரவில் குதிப்பு இருக்காது. கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி மெழுகினால், அந்த நாள் முழுக்க ஆளுக்கொரு நேரம் ஓடும். உலகுக்கு ஒரே நேரம் வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு, ஆளுக்கொரு நேரத்தில் வந்து முடிகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இந்தச் சிக்கலே வேண்டாம் என்று 1980இலேயே ஒதுங்கிக்கொண்டன. அவற்றின் நேரத்தில் லீப் விநாடி கிடையாது, இன்று அது யூடிசிக்கு 18 விநாடி முன்னால் ஓடுகிறது.

## கழிக்க வேண்டிய விநாடி

இதுவரை கூட்டியதெல்லாம் சரி. பூமி விரைந்தால்? அப்போது 23:59:58க்கு அடுத்து நேராக 00:00:00. 59 என்ற விநாடியே அன்று பிறக்காது. இதை எதிர்மறை லீப் விநாடி என்கிறார்கள். விதியில் 1972 முதலே இடம் இருக்கிறது, ஒருமுறைகூட நடந்ததில்லை. 27 முறை ஒத்திகை பார்த்த கூட்டலிலேயே கணினிகள் தடுமாறின என்றால், ஒருமுறைகூடப் பார்க்காத கழித்தலில் என்ன ஆகும் என்பதுதான் பொறியாளர்களின் கவலை.

2024 மார்ச்சில் புவி இயற்பியலாளர் டங்கன் ஆக்னியூ வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பத்தைக் காட்டியது. மையத்தின் தயக்கத்தால் மேலோடு விரையும் போக்கு நீடித்தால், 2026 வாக்கில் ஒரு விநாடியைக் கழிக்க வேண்டியிருந்திருக்கும். துருவப் பனி உருகுவது பூமியின் வேகத்தைக் குறைப்பதால் அது 2029 வாக்கில் தள்ளிப்போகிறது என்பது அவர் கணிப்பு. மனிதர் செய்த வெப்பமயமாதல் உலகக் கடிகாரத்திலும் கைவைத்துவிட்டது என்ற செய்தி அங்கிருந்து வந்ததே. இதை நற்செய்தியாகச் சிலர் எழுதினார்கள். வீடு பற்றி எரியும்போது குளிர்காயக் கிடைத்தது என்பதுபோல. மேலும், மையம் எப்போது மனம் மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 2029 என்பதைப் பஞ்சாங்கத்தில் குறித்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

## 2035இல் என்ன மாறுகிறது?

2022 நவம்பரில் எடை, அளவுகளுக்கான பொது மாநாடு எடுத்த தீர்மானத்தை, "லீப் விநாடி ஒழிப்பு" என்று சுருக்கமாகச் சொல்கிறோம். உண்மையில் அது வேலியைத் தள்ளிப்போடும் தீர்மானம். 2035இலோ அதற்கு முன்போ, யூடிசிக்கும் பூமிக்கும் இடையே அனுமதிக்கும் வித்தியாசத்தை 0.9 விநாடியிலிருந்து பெரிதாக்குவது. குறைந்தது ஒரு நூற்றாண்டுக்கு யூடிசி தடங்கலின்றி ஓட அந்த அளவு போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உடனே செய்யாமல் காலக்கெடு கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் போன்று வழிகாட்டும் ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்கள் லீப் விநாடியைத் தம் நேரத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அவற்றை மாற்ற அவகாசம் தேவை.

யாருக்குப் பாதிப்பு?

வானியலாளர்களுக்குத்தான் முதலில். பூமி ஒரு விநாடியில் 15 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) திரும்புகிறது. தொலைநோக்கியைக் குறிவைக்கும் பழைய மென்பொருள்கள் பல, யூடிசியும் யூடி1ம் ஏறத்தாழ ஒன்றே என்று நம்பி எழுதப்பட்டவை. அவற்றைத் திருத்த வேண்டும். விண்மீனைப் பார்த்துக் கப்பலின் இடத்தைக் கணிப்பவருக்கு ஒரு விநாடிப் பிழை நடுக்கோட்டில் 465 மீட்டர். அவரும் திருத்த அட்டவணையை வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வித்தியாசம் ஒரு நிமிடம் ஆவதற்கே பல பத்தாண்டுகள் ஆகும்.

அப்போது என்ன செய்வது என்பதற்கு லீப் நிமிடம் போன்ற யோசனைகள் உண்டு. இந்த யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆண்டுக்கொருமுறை வந்த ஒரு விநாடியையே மென்பொருள் எழுதியவர்கள் மறந்தார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் 60 விநாடியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கழித்தல் என்னும் ஒத்திகையில்லாத ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே இந்தத் தீர்மானம் சரி என்று சொல்லலாம். பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. பேரப்பிள்ளைகளின் கணக்கில் எழுதியிருக்கிறோம்.

## சூரியனை விட்டு விலகினால் உடம்பு என்ன ஆகும்?

பலர் கேட்கும் கேள்வி இது. ஒன்றும் ஆகாது. சீனா முழுவதும் ஒரே நேர மண்டலம். அதன் மேற்கோரத்தில் உள்ள காஷ்கரில் சூரியன் உச்சிக்கு வரும்போது அதிகாரபூர்வக் கடிகாரம் மூன்று மணியை நெருங்கிவிடும். அங்கேயும் மக்கள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வாழ்கிறார்கள். வேளையை உடம்பு கடிகாரத்திடம் கேட்டு அறிவதில்லை.

உடம்பின் கடிகாரம் மூளையில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. வெளிச்சத்தின் தாக்கத்தைக் கட்டுப்படுத்தி அளந்தபோது அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது உடம்பு தினமும் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்துகிறது. காலை வெளிச்சம் அதைத் தினமும் தட்டிச் சரிசெய்கிறது. ஒரு விநாடிக்காக உலகம் மாநாடு கூட்டுகிறது. உடம்போ தினமும் பத்து நிமிடத் துண்டைச் சத்தமில்லாமல் அடைக்கிறது.

ஆனால் இதே உடம்பு கால அளவைக் கணிப்பதில் படுமோசம். 1962இல் பிரெஞ்சு நிலவியலாளர் மிஷேல் சிஃப்ர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் குகை ஒன்றில் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று சோதனை முடிந்தது என்று சொன்னபோது, தன் கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20 என்று அவர் நினைத்திருந்தார். 25 நாட்கள் தொலைந்துபோயிருந்தன. விநாடிக்கு ஒன்றாக 1 முதல் 120 வரை எண்ணச் சொன்னால், அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் தூங்கி விழித்த சுற்று மட்டும் 24 மணிக்குச் சற்றே மேலாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் பிரித்த இரண்டு வேலைகளும் நம் உள்ளேயே தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

## அணுவுக்கும் ஒரே நேரம் இல்லை

பூமியை விட்டுவிட்டு அணுவைப் பிடித்துக்கொண்டால் நிம்மதி என்று தோன்றலாம். அங்கேயும் ஒரு கிளை பிரிகிறது. ஈர்ப்பு குறையக் குறையக் கடிகாரம் விரையும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். கடல்மட்டத்துக்கு 1,650 மீட்டர் மேலே உள்ள அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகத்தின் கடிகாரம், கடல்மட்டக் கடிகாரத்தைவிட ஆண்டுக்கு ஐந்து மைக்ரோ விநாடிக்குச் சற்று மேல் முந்தும். ஆகவே அணு நேரத்தின் சராசரி எடுக்கும்போது எல்லாக் கடிகாரங்களையும் கடல்மட்டத்துக்கு 'இறக்கி'க் கணக்கிடுகிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் வேகத்தின் விளைவையும் சேர்த்து நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு 11 கிலோமீட்டர் பிசகும். நுண்ணலைக்குப் பதில் ஒளியின் அதிர்வை எண்ணும் இன்றைய ஒளியியல் கடிகாரங்கள் ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்தையே உணரும் அளவுக்கு வந்துவிட்டன. 2030 வாக்கில் விநாடியின் இலக்கணம் சீசியத்திடமிருந்து இவற்றின் கைக்கு மாறக்கூடும்.

இன்னொரு சங்கதி. யூடிசி என்பது எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம் அல்ல. ஆய்வகங்கள் தம் கடிகாரங்களை ஒப்பிட்ட கணக்கு பாரிஸ் அருகே உள்ள சர்வதேச அளவியல் அலுவலகத்துக்குப் போகிறது. எந்த ஆய்வகம் எத்தனை நானோ விநாடி விலகியிருந்தது என்பது அடுத்த மாதம் அறிக்கையாக வரும். இப்போது மிகச் சரியாக மணி என்ன என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.

அடுத்த வேலையும் வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்க வெள்ளை மாளிகை, நிலவுக்கென்று ஒரு பொது நேரத்தை வகுப்பதற்கான திட்டத்தை 2026 முடிவுக்குள் தரும்படி நாசாவைப் பணித்தது. நிலவின் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் பூமியில் உள்ளதைவிட நாளுக்கு 56 முதல் 59 மைக்ரோ விநாடி முந்தும். பூமியின் நாளை நீட்டி நம்மை லீப் விநாடி வரை இழுத்துவந்த அதே நிலவில் இறங்குபவர்கள், எந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்குவது என்பது இனிமேல்தான் முடிவாக வேண்டும்.